பிரவுசரிலேயே வீடியோவை வெட்டுவது, தரம் குறையாமல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மணி நேர வீடியோவில் நமக்கு வேண்டியது 40 நொடிதான் இருக்கும். அதற்காக ஒரு எடிட்டிங் மென்பொருளை இறக்கி நிறுவ யாருக்கும் மனம் வராது. பிரவுசரிலேயே வெட்டித் தரும் தளங்கள் ஏராளம்; "தரம் குறையாது" என்று எல்லாத் தளங்களும் சொல்கின்றன. எது சொன்னபடி செய்கிறது, எந்த இடத்தில் அது முடியவே முடியாது, வெட்டிய பிறகு வரும் கோளாறுகளுக்கு என்ன காரணம் என்பதெல்லாம் கீழே.

தரம் குறையாமல் வெட்டுவது என்றால் சரியாக என்ன?

எம்பி4 ஃபைல் என்பது ஒரு பெட்டி. உள்ளே சுருக்கிய படத் துண்டுகள், ஒலித் துண்டுகள், எது எந்த நேரத்தில் வரவேண்டும் என்ற அட்டவணை ஆகியவை இருக்கும். இதை வெட்ட இரண்டு வழி உண்டு.

ஒன்று, எல்லாவற்றையும் விரித்துப் படமாக்கி, வேண்டிய பகுதியை மறுபடி சுருக்குவது. இதுதான் ரீ-என்கோடு. ஜெராக்ஸை வைத்து ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மங்கும். இன்னொன்று, சுருக்கிய துண்டுகளைப் பிரிக்காமல் அப்படியே எடுத்துப் புதுப் பெட்டியில் அடுக்கி, அட்டவணையை மட்டும் புதிதாக எழுதுவது. நோட்டிலிருந்து வேண்டிய தாள்களை உருவித் தனியாகத் தைப்பது போல. இதை ஸ்ட்ரீம் காப்பி என்பார்கள். எடுத்த துண்டுகளில் ஒரு பிட்கூட மாறுவதில்லை.

"ஏறக்குறைய தரம் குறையாது" என்று ஒரு தளம் எழுதியிருந்தால், அது ரீ-என்கோடு செய்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். காப்பியில் "ஏறக்குறைய" கிடையாது.

7.3 நொடியில் வெட்டச் சொன்னேன். 6-ஆவது நொடியிலிருந்தே தொடங்குகிறதே, இது பிழையா?

பிழை இல்லை. காப்பி முறைக்குக் கொடுக்கும் விலை இது.

வீடியோவில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. சில நொடிக்கு ஒருமுறை ஒரு முழுப் படம் வரும், அது கீஃபிரேம். அடுத்து வருபவை "முந்தையதிலிருந்து இது இது மட்டும் மாறியது" என்ற குறிப்புகள். நொடிக்கு 30 ஃபிரேம் ஓடும் வீடியோவில் 2 நொடிக்கு ஒரு கீஃபிரேம் இருப்பதாக வையுங்கள். 0, 60, 120, 180, 240 ஆகியவை முழுப் படங்கள். நீங்கள் கேட்ட 7.3 நொடி என்பது 219-ஆவது ஃபிரேம். அதில் இருப்பது மாற்றக் குறிப்பு மட்டுமே. அதைப் படமாக்க 180-இல் தொடங்கி வரிசையாக வரவேண்டும். எனவே 180, அதாவது சரியாக 6.0 நொடி. நீங்கள் கேட்காத 39 ஃபிரேம்கள் கூடவே வந்துவிடும். வேறு வழியில்லை, 219-இலிருந்து வெட்டிப் போட்டால் ஒன்றுமில்லாததன்மேல் எழுதிய திருத்தம்தான் மிஞ்சும்.

கீஃபிரேம் இடைவெளி வீடியோவுக்கு வீடியோ மாறும். போன் கேமராக்கள் பெரும்பாலும் ஒரு நொடிக்கு ஒன்று வைக்கின்றன, அதனால் போன் வீடியோவை வெட்டுவது சுலபம். எக்ஸ்264 என்ற புகழ்பெற்ற என்கோடரின் (வீடியோவைச் சுருக்கும் நிரலின்) இயல்பு அமைப்பு அதிகபட்சம் 250 ஃபிரேம்: நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 10 நொடி, 30 என்றால் 8.3 நொடி. திரையைப் பதிவு செய்த வீடியோக்களில், படம் அசையாமல் நிற்பதால், இடைவெளி இப்படி நீண்டு கிடப்பது சகஜம்.

ஒரு நல்ல செய்தி: காட்சி சட்டென மாறும் இடத்தில் என்கோடர்கள் தாமாகவே ஒரு கீஃபிரேம் வைப்பது வழக்கம். ஏற்கெனவே எடிட் செய்த வீடியோவில் ஷாட் மாறும் இடத்தில் வெட்டினால், பல நேரம் ஃபிரேம் பிசகாமல் வந்து விழும்.

முடிவுப் புள்ளிக்கும் இதே கட்டுப்பாடு உண்டா?

இல்லை. முடிவில் எந்த ஃபிரேமிலும் நிறுத்தலாம், ஏனெனில் அதற்கு முன்னால் வந்தவை எல்லாம் கையில் இருக்கின்றன. முன்னும் பின்னும் பார்த்துச் சுருக்கும் பி-ஃபிரேம்கள் இருந்தால் இரண்டு மூன்று ஃபிரேம் முன்பின் ஆகலாம். அவ்வளவுதான்.

ஒரு தளத்தில் மட்டும் சரியாக 7.3-லேயே தொடங்குகிறது, தரமும் குறையவில்லை. எப்படி?

மூன்று வாய்ப்பு.

முதலாவது, மறைத்துக் காட்டுவது. 6.0-லிருந்தே காப்பி எடுத்துவிட்டு, "முதல் 1.3 நொடியைக் காட்டாதே" என்று எம்பி4-க்குள் ஒரு குறிப்பு எழுதிவிடுவார்கள். இதற்கு எடிட் லிஸ்ட் என்று பெயர். பெரும்பாலான பிளேயர்கள் இதை மதிக்கும். சில மதிக்காது, அங்கே அந்த 1.3 நொடி எட்டிப் பார்க்கும்.

இங்கே நிறுத்திச் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மறைத்தது அழிந்ததல்ல. யாருடைய முகத்தையோ, திரையில் தெரிந்த பாஸ்வேர்டையோ, வங்கிக் கணக்கு எண்ணையோ நீக்கத்தான் வெட்டுகிறீர்கள் என்றால், அந்தக் காட்சி ஃபைலுக்குள் அப்படியே இருக்கலாம். எடிட் லிஸ்டைக் கண்டுகொள்ளாத ஒரு கருவியில் திறந்தால் போதும், தெரிந்துவிடும். இப்படிப்பட்ட வேலைக்கு வெட்டுப் புள்ளியை அந்தக் காட்சி முடிந்த பிறகு வரும் கீஃபிரேமில் வையுங்கள். ஓரிரு நொடி இழந்தாலும் பரவாயில்லை.

இரண்டாவது, ஸ்மார்ட் கட். 7.3-இலிருந்து அடுத்த கீஃபிரேமான 8.0 வரை உள்ள 21 ஃபிரேம்களை மட்டும் ரீ-என்கோடு செய்து, 8.0-க்குப் பிறகு உள்ளதைக் காப்பி எடுத்து ஒட்டுவது. யோசனை அருமை, நடைமுறையில் இடக்கானது. புதிதாகச் சுருக்கிய துண்டின் அமைப்புகளும் மூல வீடியோவின் அமைப்புகளும் பொருந்தாவிட்டால், ஒட்டிய இடத்தில் பச்சைத் திரையோ கட்டம் கட்டமான சிதைவோ வரும். ஒரு பிளேயரில் சரியாக ஓடி இன்னொன்றில் சிதையும். இந்த வழியில் வெட்டினால் ஒட்டிய இடத்தை இரண்டு மூன்று பிளேயரில் ஓட்டிப் பார்க்காமல் மூல ஃபைலை அழிக்காதீர்கள்.

மூன்றாவது, அது சத்தமில்லாமல் ரீ-என்கோடு செய்கிறது. உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு தளம் உண்மையிலேயே காப்பிதான் எடுக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வெட்டும் முன்பே சில தடயங்கள் கிடைக்கும். "தரம்: உயர், நடுத்தரம், குறைவு" என்றோ "1080 அல்லது 720" என்றோ கேட்டால் அது ரீ-என்கோடு. மூலையில் தங்கள் பெயரை முத்திரையாகப் போட்டுக் கொடுத்தால் சந்தேகமே வேண்டாம். படத்தை விரித்து மறுபடி சுருக்காமல் அதன்மேல் எழுத முடியாது.

அடுத்து நேரம். காப்பி என்பது வட்டில் படித்து எழுதும் வேலை மட்டுமே, 500 எம்.பி. ஃபைலானாலும் சில நொடியில் முடியும். 3 நிமிடக் கிளிப்புக்கு 3 நிமிடம் காத்திருக்க வைத்தால், உள்ளே வீடியோவை ஓட்டி அதைப் பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள்.

பிறகு அளவு. 10 நிமிட மூல ஃபைல் 600 எம்.பி. என்றால் 1 நிமிடத் துண்டு ஏறத்தாழ 60 எம்.பி. வரவேண்டும். அசைவு நிறைந்த இடம் கொஞ்சம் கூடும், அமைதியான இடம் குறையும். ஆனால் 12 எம்.பி. வந்தால் நடந்தது வேறு.

உறுதியாகத் தெரியவேண்டுமா? மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் இரண்டு ஃபைலையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதுவும் பிரவுசரிலேயே ஓடும் வடிவத்தில் கிடைக்கிறது. கோடெக் (சுருக்கும் முறை), புரொஃபைல் (அந்த முறையின் உட்பிரிவு) இரண்டும் ஒத்துப்போக வேண்டும், பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு தரவு என்ற கணக்கு) ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். போனில் எடுத்த வீடியோவின் வெட்டிய பிரதியில், படத்துக்கான பகுதியில் "எக்ஸ்264" என்று என்கோடர் பெயர் புதிதாக முளைத்திருந்தால் அது ரீ-என்கோடு. மேலே பொதுப் பகுதியில் "லாவ்எஃப்" என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அது பெட்டியைக் கட்டிய கருவியின் பெயர்தான், படத்தைத் தொட்டதற்கு அடையாளம் அல்ல. இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

என் வீடியோ கணினியை விட்டு வெளியே போகிறதா?

தளத்தைப் பொறுத்தது. சில தளங்கள் பிரவுசருக்குள்ளேயே வெட்டும். சில, முழு வீடியோவையும் தங்கள் சர்வருக்கு ஏற்றி, அங்கே வெட்டி, திருப்பி அனுப்பும். தனியுரிமை ஒருபுறம் இருக்கட்டும், நாளுக்கு 1.5 ஜி.பி. டேட்டா பேக்கில் இருப்பவர் 1 ஜி.பி. வீடியோவை ஏற்றினால் அன்றைய கணக்கு ஏறக்குறைய தீர்ந்தது.

சோதிப்பது எளிது. தளத்தைத் திறந்து ஒரு சின்ன கிளிப்பை ஒருமுறை வெட்டுங்கள், வேண்டிய நிரலெல்லாம் இறங்கிவிடும். பிறகு வைஃபையை அணைத்துவிட்டு உங்கள் வீடியோவைக் கொடுங்கள். வெட்டி முடித்துச் சேமித்தால், வேலை உள்ளேயே நடக்கிறது. கணினியில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்தும் பார்க்கலாம். ஃபைலைத் தேர்ந்தெடுத்தவுடன் பல எம்.பி. அளவில் ஒரு கோரிக்கை வெளியே போனால் அது அப்லோடு.

பிரவுசருக்குள் வெட்டும் வேலையை எது செய்கிறது?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

எஃப்எஃப்எம்பெக் என்ற பழைய, நம்பகமான கட்டற்ற மென்பொருளை வெப்அசெம்பிளிக்கு (பிரவுசருக்குள் நிரலை வேகமாக ஓட்டும் முறை) மாற்றியது முதல் வகை. சுமார் 30 எம்.பி. நிரல் முதலில் இறங்கும். எம்பி4, எம்ஓவி, எம்கேவி, வெப்எம் என எதைக் கொடுத்தாலும் திறக்கும். காப்பி, ரீ-என்கோடு இரண்டும் இதில் முடியும். தளத்தார் எதை வைத்திருக்கிறார் என்பதே கேள்வி.

இரண்டாவது, பெட்டியை மட்டும் பிரித்துக் கட்டும் சிறிய நூலகங்கள். எம்பி4பாக்ஸ், மீடியாபன்னி போன்றவை. காப்பி வேலைக்கு இவையே போதும், இலேசாகவும் இருக்கும். ஸ்மார்ட் கட்டுக்கோ ரீ-என்கோடுக்கோ போகும்போதுதான் வெப்கோடெக்ஸ் (படத்தை விரித்துச் சுருக்க பிரவுசரே தரும் வசதி) தேவைப்படும். அது குரோமில் 2021-இல், 94-ஆம் பதிப்பில் வந்தது. டெஸ்க்டாப் ஃபயர்பாக்ஸில் 2024-இல் 130-ஆம் பதிப்பில்.

மூன்றாவதைத் தவிர்க்கவேண்டும். வீடியோவைப் பக்கத்தில் ஓடவிட்டு, மீடியாரெக்கார்டர் என்ற பிரவுசர் வசதி மூலம் அதைப் பதிவு செய்து கொடுப்பது. எழுதுவதற்குச் சில வரி நிரல் போதும் என்பதால் பல தளங்கள் இதைத்தான் செய்கின்றன. தளத்தார் பிட்ரேட்டைக் குறிப்பிட மறந்தால் நொடிக்கு 2.5 மெகாபிட் என்ற இயல்பு அளவுக்கு இறங்கிவிடும். போனில் எடுத்த 1080 வீடியோ 17 மெகாபிட் அளவில் இருக்கும். வித்தியாசத்தை நீங்களே கணக்கிடலாம். ஓடும்போது வேறு டேபுக்குப் போனால் ஃபிரேம்கள் விடுபடவும் செய்யும்.

படிப்படியாகச் சொல்லுங்கள்: ஒரு கிளிப்பை வெட்ட எந்த வரிசையில் போகவேண்டும்?

மூல ஃபைலின் பிரதி ஒன்று வேறு இடத்தில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக வந்ததை வைத்து வெட்டாதீர்கள், அது ஏற்கெனவே நசுங்கியது. எடுத்தவரிடமே டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

தளத்தில் "ரீ-என்கோடு இல்லாமல்", "காப்பி", "லாஸ்லெஸ்" என்ற தேர்வு இருந்தால் முதலில் அதைப் போடுங்கள். பல தளங்களில் அது இயல்பாக அணைந்தே இருக்கும். வெளியீட்டு வடிவத்தை மூலத்தின் வடிவமாகவே விடுங்கள். எம்ஓவியைக் கொடுத்து எம்பி4 கேட்பது பெரும்பாலும் வெறும் பெட்டி மாற்றம், பரவாயில்லை. வெப்எம் கேட்டால் நிச்சயம் ரீ-என்கோடு, அந்தப் பெட்டி ஹெச்.264 என்ற சுருக்கும் முறையை ஏற்காது.

தொடக்கத்தைக் குறிக்கும்போது, டைம்லைனில் கீஃபிரேம்களைக் காட்டும் தளமென்றால் வேண்டிய இடத்துக்கு முன்னால் உள்ள கீஃபிரேமுக்கு நகர்த்துங்கள். காட்டாத தளமென்றால், பேச்சு தொடங்குவதற்கு ஒரு நொடி முன்பே குறியுங்கள். முன்னால் கொஞ்சம் அமைதி வந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். முதல் சொல் பாதியில் தொடங்கினால் எல்லோரும் கவனிப்பார்கள். முடிவை விரும்பிய இடத்தில் வையுங்கள்.

சேமித்ததும் மூன்று இடத்தைப் பாருங்கள்: முதல் 3 நொடி, நடுவில் எங்காவது வாயசைவு தெரியும் இடம், கடைசி நொடி. கோளாறுகள் ஏறக்குறைய எல்லாமே இந்த மூன்றில் சிக்கிவிடும்.

எவ்வளவு பெரிய ஃபைல் வரை தாங்கும்?

வெப்அசெம்பிளியின் 32-பிட் நினைவகத்துக்கு உச்ச வரம்பு 4 ஜி.பி. எஃப்எஃப்எம்பெக் வகைத் தளங்களில் ஃபைலை முழுதாக நினைவகத்தில் ஏற்றினால் நடைமுறை வரம்பு 2 ஜி.பி. வெட்டிய துண்டும் அதே நினைவகத்தில்தான் உருவாகிறது என்பதை மறக்காதீர்கள்: 1.5 ஜி.பி. ஃபைலிலிருந்து 1.2 ஜி.பி. துண்டு கேட்டால் திணறும், பெரும்பாலும் எந்த விளக்கமும் இல்லாமல் டேப் செத்துப்போகும்.

நன்றாக எழுதிய தளங்கள் முழு ஃபைலையும் ஏற்றாது. அட்டவணையை முதலில் படித்து, வேண்டிய பகுதியை மட்டும் வட்டிலிருந்து துண்டு துண்டாக எடுக்கும். குரோம், எட்ஜ் இரண்டிலும் சேமிக்கும் இடத்தை முன்பே கேட்டு நேராக வட்டில் எழுதவும் வழியுண்டு. இப்படிப்பட்ட தளத்தில் 10 ஜி.பி. ஃபைலும் பிரச்சினையில்லை. ஃபயர்பாக்ஸிலும் சஃபாரியிலும் அந்த வசதி இல்லாததால் அங்கே வரம்பு குறைவு. ஆகவே பெரிய ஃபைல் என்றால் கணினியில், குரோம் அல்லது எட்ஜில் செய்யுங்கள்.

போன் பிரவுசரில் செய்யலாமா?

சில நூறு எம்.பி. வரை செய்யலாம். அதற்கு மேல் போனால் இயங்குதளமே நினைவகம் போதவில்லை என்று டேபை மூடிவிடும், ஐபோனில் இது சீக்கிரமே நடக்கும். வேலை முடியும்வரை வேறு ஆப்புக்குத் தாவாதீர்கள்.

வெட்டிய வீடியோவில் ஒலி வருகிறது, முதல் சில நொடிக்குப் படம் கருப்பாகவோ உறைந்தோ நிற்கிறது. ஏன்?

மேலே சொன்ன கீஃபிரேம் விவகாரம்தான். கருவி பின்னால் போய் கீஃபிரேமைச் சேர்க்காமல், கேட்ட இடத்திலிருந்தே துண்டுகளை எடுத்துவிட்டது. ஒலிக்குக் கீஃபிரேம் தேவையில்லை, உடனே ஓடும். படம் அடுத்த கீஃபிரேம் வரும்வரை காத்திருக்கும். தொடக்கத்தை ஓரிரு நொடி முன்னே தள்ளி மறுபடி வெட்டுங்கள். அப்படியும் வந்தால் தளத்தை மாற்றுங்கள், அதைத் திருத்த உங்களால் முடியாது.

முதல் நொடியில் சாம்பல் நிறக் கறைகள் தெரிந்து பிறகு தெளிவானால் காரணம் கொஞ்சம் வேறு. சில வீடியோக்களில் கீஃபிரேமை ஒட்டிக் காட்டவேண்டிய ஓரிரு ஃபிரேம்கள் அதற்கு முந்தைய குழுவையும் நம்பியிருக்கும். இதைத் திறந்த குழு என்பார்கள். முந்தைய குழுவை வெட்டியதும் அவை ஆதாரமில்லாமல் நிற்கின்றன. இன்னொரு கீஃபிரேம் முன்னால் போய் வெட்டினால், கறை உங்களுக்கு வேண்டாத பகுதியிலேயே கழிந்துவிடும்.

ஐபோனில் எடுத்த வீடியோ வெட்டியபின் மேக்கில் படமே தெரியவில்லை, ஒலி மட்டும் வருகிறது.

2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன்கள் ஹெச்இவிசி என்ற சுருக்கும் முறையில் பதிவு செய்கின்றன. அந்தப் படத் தடத்துக்கு எம்பி4-க்குள் இரண்டு பெயர்ச்சீட்டு ஒட்டலாம்: "ஹெச்விசி1" அல்லது "ஹெச்இவி1". ஆப்பிளின் பிளேயர்கள் முதல் சீட்டைத்தான் ஏற்கும். வெட்டிய கருவி இரண்டாவதை ஒட்டிவிட்டால் அதே படம், அதே தரம், ஆனால் குவிக்டைமில் கருப்பு. விஎல்சியில் திறந்தால் ஓடும். சீட்டை மாற்றி மறுபடி பெட்டியில் அடைத்தால் சரியாகிவிடும், அதற்கும் ரீ-என்கோடு வேண்டாம்.

வெட்டும் தளத்திலேயே முன்னோட்டம் தெரியாமல் கருப்பாக இருந்தால், உங்கள் பிரவுசரால் ஹெச்இவிசியை ஓட்ட முடியவில்லை என்று பொருள். குரோம் 2022-இல் 107-ஆம் பதிப்பிலிருந்து ஓட்டும், கணினியின் வன்பொருள் துணை இருந்தால் மட்டும். ஓட்ட முடியாவிட்டாலும் காப்பி எடுக்க முடியும். நேரத்தை எண்ணாக அடித்துக் கொடுக்கும் கட்டம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

நிறம் வெளுத்துப்போனால், ஹெச்டிஆர் (ஒளியையும் நிறத்தையும் கூடுதலாகக் காட்டும் முறை) குறிப்புகளைக் கருவி கைவிட்டிருக்கிறது. படத் துண்டுகள் கெடவில்லை, அவற்றை எப்படிக் காட்டவேண்டும் என்ற சீட்டுதான் தொலைந்தது. மூலத்திலிருந்து வேறு கருவியில் வெட்டுங்கள்.

நிமிர்ந்த வீடியோ வெட்டியபின் படுத்துவிட்டது!

போனை நிமிர்த்திப் பிடித்தாலும் சென்சார் படுக்கைவாட்டில்தான் பதிவு செய்கிறது. "90 பாகை திருப்பிக் காட்டு" என்ற குறிப்பு மட்டும் தனியே எழுதப்படும். கருவி அந்தக் குறிப்பை விட்டுவிட்டால் வீடியோ படுத்துக்கொள்ளும். குறிப்பை மட்டும் திரும்ப எழுதினால் போதும். "திருப்பு" பொத்தான் உள்ள எல்லாத் தளமும் அப்படிச் செய்வதில்லை; பல தளங்கள் படத்தையே திருப்பி ரீ-என்கோடு செய்யும்.

வாயசைவும் ஒலியும் ஒட்டவில்லை.

எவ்வளவு, எப்போது என்று பாருங்கள். ஏஏசி என்ற முறையில் சுருக்கிய ஒலி 1024 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக இருக்கும். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு துண்டு 21 மில்லிநொடி. வெட்டும்போது அந்த அளவுக்கு முன்பின் ஆவது இயல்பு, காதுக்குத் தெரியாது. தொடக்கத்திலிருந்தே ஒரே அளவாக அரை நொடி, ஒரு நொடி விலகியிருந்தால், படம் கீஃபிரேமுக்குப் பின்னால் போயிருக்கிறது, ஒலி போகவில்லை. கருவி இரண்டையும் சேர்த்து நகர்த்தத் தவறியிருக்கிறது.

தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் அது வேறு நோய். போன்கள் வெளிச்சம் குறைந்தால் ஃபிரேம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனித்தனி நேரம் எழுதப்பட்டிருக்கும். கருவி அதைத் தூக்கி எறிந்துவிட்டு "எல்லாம் நொடிக்கு 30" என்று எழுதினால் படம் வேகமெடுக்கும், ஒலி பின்தங்கும். நேரங்களை அப்படியே காப்பி எடுக்கும் கருவியில் இது வராது.

நடுப்பகுதியை நீக்கிவிட்டு இரு முனைகளையும் ஒட்டலாமா?

ஒரே மூல ஃபைலிலிருந்து வந்த துண்டுகள் என்றால் தாராளமாக ஒட்டலாம், தரம் குறையாது. இரண்டாவது துண்டு கீஃபிரேமில் தொடங்கவேண்டும், அவ்வளவே. வேறு வேறு போனில் எடுத்தவை என்றால் கோடெக், அளவு, ஒலியின் மாதிரி வேகம் என எல்லாம் பொருந்தவேண்டும், பெரும்பாலும் பொருந்தாது. பொருந்தாததை ஒட்டினால் முதல் துண்டு ஓடி, இரண்டாவதில் படம் சிதறும்.

வேறு எதையெல்லாம் ரீ-என்கோடு இல்லாமல் செய்யலாம்?

ஒலியை நீக்கலாம், வேறு ஒலியைச் சேர்க்கலாம், ஒலியை மட்டும் தனியே எடுக்கலாம், திசைக் குறிப்பை மாற்றலாம், சப்டைட்டிலைத் தனித் தடமாகச் சேர்க்கலாம். படத்தின் ஓரங்களை வெட்டுவது, அளவைக் குறைப்பது, எழுத்தோ லோகோவோ போடுவது, முகத்தை மங்கலாக்குவது, ஒளியைக் கூட்டுவது, இவையெல்லாம் முடியாது.

இரண்டு மூன்று ஒலித் தடங்கள் உள்ள வீடியோவை வெட்டும்போது மட்டும் கவனம். பல கருவிகள் ஒரு தடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைச் சொல்லாமல் விட்டுவிடும்.

வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும்தான் போடப்போகிறேன். இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

இரண்டும் எப்படியும் ரீ-என்கோடு செய்யும் என்பது உண்மை. அதனால்தான் நீங்களும் ஒருமுறை செய்யக்கூடாது. அவர்கள் ஜெராக்ஸ் எடுக்க அசலைக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினால் 2 ஜி.பி. வரை தொடாமல் போகும். ஸ்டேட்டஸில் மட்டும் போட்டு மறக்கப்போகிற கிளிப் என்றால், நேர்மையாகச் சொன்னால், எந்தத் தளத்தில் வெட்டினாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ரீ-என்கோடு தவிர்க்கவே முடியாது. எந்த அமைப்பில் செய்வது?

சிஆர்எஃப் என்ற தர அளவு எண்ணைக் கேட்கும் தளமென்றால் ஹெச்.264-க்கு 18 கொடுங்கள், இயல்பு 23. எண் குறையக் குறையத் தரமும் ஃபைலின் அளவும் கூடும். 18-இல் சாதாரணமாகப் பார்க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது அரிது. பிட்ரேட் கேட்டால் மூலத்தின் பிட்ரேட்டுக்குக் குறையாமல் கொடுங்கள். அளவையும் ஃபிரேம் வேகத்தையும் மாற்றாதீர்கள். எல்லா மாற்றங்களையும் ஒரே சுற்றில் முடியுங்கள்: வெட்ட ஒரு தளம், எழுத்துப் போட ஒரு தளம், திருப்ப ஒரு தளம் என்று அலைந்தால் மூன்று முறை மங்கும்.

எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்கள் என்ன ஆகும்?

கருவிக்குக் கருவி மாறும். தேதி தொலைந்தால் கேலரியில் பழைய வீடியோ இன்றைய வரிசையில் வந்து நிற்கும். இடம் தொலையாமல் இருப்பதுதான் சிக்கல்: போன் வீடியோவில் ஜிபிஎஸ் புள்ளி பதிந்திருந்தால், வீட்டில் எடுத்த கிளிப்போடு வீட்டு முகவரியும் போகும். பொதுவில் போடும் முன் மீடியாஇன்ஃபோவில் ஒருமுறை பாருங்கள்.

ஃபைலைக் கொடுத்தால் "திறக்க முடியவில்லை" என்கிறது.

பதிவு நடுவில் போன் அணைந்துபோன எம்பி4 என்றால், கடைசியில் எழுதவேண்டிய அட்டவணை எழுதப்படாமல் நின்றிருக்கும். துண்டுகள் உள்ளே இருந்தும் எது எங்கே என்று தெரியாது. வெட்டும் தளம் எதுவும் இதைத் திறக்காது. அதே போனில், அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாக வைத்து அட்டவணையை மறுபடி கட்டும் மீட்புக் கருவிகள் உண்டு, முதலில் அங்கே போகவேண்டும்.

பிரவுசரில் பதிவு செய்த வெப்எம் திறக்கிறது, ஆனால் நீளம் தெரியவில்லை, டைம்லைனில் நகர்த்த முடியவில்லை என்றால் அது சேதமில்லை. பதிவு தொடங்கும்போது மொத்த நேரம் தெரியாததால் அந்த இடம் காலியாகவே விடப்பட்டது. வெட்டாமல் முழு ஃபைலையும் ஒருமுறை காப்பி முறையில் சேமித்தால் நீளம் எழுதப்பட்டுவிடும். பிறகு அந்தப் பிரதியைத் திறந்து வெட்டுங்கள்.